எர்த் கம்பிக்கு யார் கையெழுத்து?

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பிரிட்ஜ் கதவைத் திறந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"ஏனம்மா துணியால பிடிக்கிறியள்?"

"வெறுங்கையால தொட்டால் சுள்ளெண்டு இழுக்குதடா. பழகிட்டுது."

பழகிவிட்டதாம்! மின்னியல் படிக்கிற மகன் வீட்டிலேயே இருக்கிறான். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிளக் பேஸைக் கழற்றினேன். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸ் ஒருகாலத்தில் கராஜ். அதை அறையாக்கியவர்கள் சொந்தக்காரரின் பெரிய வீட்டிலிருந்து இரண்டு வயரை மட்டும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போக அம்மாவின் உடம்பைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த நாளே செப்புக் கம்பியும் குழி தோண்ட அலவாங்குமாய் முற்றத்தில் இறங்கிவிட்டேன். வீட்டுக்கார அன்ரி ஓடிவந்தார்.

"தம்பி, என்ன செய்யிறீர்?"

"எர்த் கம்பி தாக்கப் போறன், அன்ரி."

எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தாக்கிறது என்றால் புதைப்பது. யுத்தம் நடக்கிற இந்த நாளில் ரேடியோச் செய்தியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். அன்ரி மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, மெல்லக் கதையும்! தமிழ்ப் பெடியன் கிடங்கு கிண்டித் தாக்கிறான் எண்டு ஆராவது பொலிசுக்குச் சொன்னால், எங்களையும் சேத்தெல்லே அள்ளிக்கொண்டு போவாங்கள்! மூடும் கிடங்கை!"

குழியை மூடினேன். சரி, சட்டப்படியே செய்வோம் என்று மின்சாரக் கந்தோருக்குப் போய் அதிகாரிகளிடம் விசாரித்தேன். லைசன்ஸ் உள்ள வயர்மன்தான் வேலையைச் செய்து சோதிக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். விதியில் பிழையில்லை. புத்தகத்தை வாசித்துவிட்டு அலவாங்கைத் தூக்குகிற என்னைப் போன்றவர்களைத் தடுக்கத்தானே வேண்டும்! கொட்டாஞ்சேனையில் ஒரு வயர்மனைப் பிடித்தேன். அன்ரியிடம் கையெழுத்துக் கேட்டேன்.

"மாநகரசபைக்குக் குடுத்த பிளானிலை அது கராஜ்தானே, தம்பி. காருக்கு எதுக்கு எர்த்?"

நல்ல பகிடி! அதே கராஜில் நாங்கள் குடியிருக்கிறோம் என்று பொலிசில் பதிந்ததும் இதே அன்ரிதான். பேர், வயது, சொந்த ஊர், எல்லாம் அங்கே இருக்கிறது. பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போவதற்கு நாங்கள் குடியிருப்பவர்கள். உயிரோடு இருக்க ஒரு வயர் கேட்டால் நாங்கள் கார்!

வயர்மனிடம் போய்க் கத்தினேன். அவர் சிரித்தார்.

"கையெழுத்து இல்லாம தொட்டா என்ட லைசன்ஸ் போயிரும், தம்பி. ஆனா பெரிய வீடு பிளான்ல இருக்குதானே? அந்த வயரிங்க சோதிக்கச் சொல்லி அவங்க கையெழுத்து வச்சா, அங்க இருக்கிற எர்த்தையே ஒங்க பக்கம் இழுத்துக் குடுக்கலாம். கிடங்கே வேணாம்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்போதைக்குப் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறேன். வாங்கிய மீனை எங்கே வைப்பதென்று அம்மா சண்டை பிடிக்கிறார். ஞாயிறு காலை, அன்ரியின் கணவரும் வீட்டில் நிற்கிற நேரம் பார்த்து, வயர்மனையும் கூட்டிக்கொண்டு அந்தக் கையெழுத்துக்காகப் பெரிய வீட்டு முன்வாசலில் பெல் அடிக்கப் போகிறேன்.