சின்னவளுக்கு வைத்த பெயர்கள்

சின்னவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர்கள் ஏராளம். பள்ளியில் உம்மணாமூஞ்சி. உறவுக்காரர்களுக்கு அழுத்தக்காரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளோடு சேர்ந்து படுக்கைவிரிப்பு மடிக்கிற தோழி வைத்தது, அமுக்குணி. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்துவந்து சேர்க்க வேண்டும். அதற்குள் தோழி ஒரு கதை சொல்லி முடித்திருப்பாள். இவள் "ம்" என்பாள். கர்வமெல்லாம் இல்லை. சொல்ல நினைத்ததை மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

அக்கா நேர்மாறு, ஓட்டைவாய். அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டாள். அத்தானும் முகம் சுளிக்கவில்லை. "அவ வீட்ல இருக்கறதே தெரியாது, வாயில்லாப் பூச்சி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அதனால்தானோ என்னவோ, அக்காவை அடிக்கும்போது அவன் கதவைச் சாத்துவதில்லை.

முதல்முறை சமையலறையில். அக்காவின் முழங்கையை முறுக்கிவிட்டு, கரண்டியோடு நின்ற சின்னவளை அலமாரியைத் தாண்டுவது போலத் தாண்டிப்போய்த் தண்ணீர் குடித்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்றாள் அக்கா. தன்னிடம் போய் அதைச் சொன்னதுதான் சின்னவளுக்கு உறுத்தியது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடிப்படியில் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள். வேலையில் விரிப்பின் முனை கைநழுவும். "என்னடி, உனக்கு என்ன ஆச்சு?" என்று தோழி கேட்டால், "ஒண்ணுமில்ல." குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை முணுமுணுத்துப் பார்ப்பாள். முதல் வாக்கியத்தைத் தாண்டுவதற்குள் குழாயைத் திறந்துவிடுவாள்.

அக்காவின் மணிக்கட்டு முறிந்த செய்தி கேட்டு சித்தப்பா வந்தார்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டா" என்றான் அத்தான்.

"ஆமா சித்தப்பா, ஒரே ஈரம். நான்தான் பார்க்காம காலை வெச்சேன்" என்று ஆரம்பித்து, தரை, குழாய், சோப்பு என்று அக்கா விடாமல் பேசினாள். சித்தப்பா நிம்மதியாக எழுந்து செருப்பை மாட்டினார். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்த சின்னவள் நின்றாள்.

"சித்தப்பா, இருங்க." குரல் கரகரத்தது. "வழுக்கல. இவர் அக்கா கையைக் கதவிடுக்குல வெச்சு அழுத்தினாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அத்தான் சிரித்தான். "இவளுக்குப் பேசக்கூட வருமா?"

"முன்னாடி முழங்கை. அப்புறம் முடியைப் புடிச்சு சுவத்துல. என் முன்னாடி நீங்க எதையுமே மறைக்கலயே அத்தான்."

"சும்மா இருடி" என்றாள் அக்கா. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "நீ சொல்லும்மா" என்று அக்காவைப் பார்த்தார். "தரை ஈரமா..." என்று ஆரம்பித்தவள் அழத் தொடங்கினாள்.

அன்றே அக்கா தங்கை இருவரையும் சித்தப்பா தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். அக்காவின் கோபம் மட்டும் ஆறவில்லை. "அவ்வளவு நாள் பார்த்துட்டு நின்னியே. அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கை உடைஞ்சிருக்குமா?" சின்னவள் சோற்றைப் பிசைந்து, தட்டை அக்காவின் பக்கம் நகர்த்தினாள்.

ஒருநாள் அத்தான் சலவைக்கூட வாசலுக்கே வந்துவிட்டான். சின்னவள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"அக்கா வர மாட்டா. நீங்க போங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காவலாளி நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் தெருமுனை தாண்டும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள்.

"நான் வர மாட்டேன்னு உன்கிட்ட எப்போ சொன்னேன்?" என்றாள் அக்கா.

"போகணுமா உனக்கு?"

அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி எழுந்தாள். கதவோரம் இன்னும் பிரிக்காமலே இருந்த தன் பையை மற்ற கையால் இழுத்துவந்து, கட்டிலடியில் தள்ளினாள்.

"விளக்கைப் போடு, இருட்டிடுச்சு" என்றாள்.

சின்னவள் விளக்கைப் போட்டாள். தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். உட்கார்ந்தவள், எழுந்துபோய் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.