வந்தியா, பெமி?

இது நடந்தது. மார்த்தாண்டத்தில், ரப்பர் ஷீட் கடையின் மாடியில் இருக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் பெமிலாவிடம் கேட்கலாம். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். பதில் சொல்ல மாட்டாள்.

அவளுடைய அண்ணன் பிபினும் அங்கேதான் இருந்தான். கம்ப்யூட்டரின் அடியிலிருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னலுக்குக் கோட் எழுதுகிறவன். எந்தப் புரோகிராமை ஓட்டச் சொன்னாலும் அது முதலில் கெர்னலின் கைக்குத்தான் போகும். அதன் முதல் சில எழுத்துகளைக் கெர்னல் பார்க்கும். தன் மெஷினுக்கு எழுதியது என்றால் ஓட்டும். வேறு பழைய மெஷினுக்கு எழுதியது என்றால் எமுலேட்டரிடம் ஒப்படைக்கும். எமுலேட்டர் அந்தப் பழைய மெஷினாக நடிக்கும். இந்தக் கைமாற்றும் பகுதியைத்தான் பிபின் இரண்டு வருடமாக எழுதினான்.

“அந்த மெஷின் செத்துக் குப்பைக்குப் போயாச்சு ஏட்டி. உள்ள ஓடுகவனுக்கு அது தெரியாது,” என்பான், பேனா மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டே. “நாமளும் சொல்லப்பிடாது. சொன்னா நின்னுரும்.”

சோதித்துப் பார்க்க ஒரு குட்டிப் புரோகிராம் வைத்திருந்தான். ஓடினால் திரையில் ஒரே சொல் வரும். வந்தியா?

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடவப்பாதி மழை. நெய்யூர் சர்ச்சில் ஆராதனை முடியுமுன்பே பிபின் எழுந்து போய் பைக்கை எடுத்தான். எங்கே என்று சொல்லவில்லை. வளைவில் லாரி. எதற்காகக் கிளம்பினான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவன் போன் நசுங்கிக் கிடந்தது.

அடுத்த மாதம் மேனேஜர் பெமிலாவைக் கூப்பிட்டார். சென்னைக்காரர். பிபினின் கோட் அன்று வெளிநாட்டுக்குப் போக வேண்டும். எழுதியவன் பெயரும் அதிலேயே போகும். எத்தனை கம்ப்யூட்டருக்குப் போனாலும் அழியாது. பிபினுக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

“பேரை மாத்தும்மா. என் பேர் போடு.”

“அண்ணன் எழுதுனது சார்.”

“யாரு இல்லைன்னா? நாளைக்கு எவனாவது சந்தேகம் கேட்டு மெயில் போடுவான். உங்க அண்ணன் எழுந்து வந்து சொல்வானா? பேர் போட்டவன் பதில் சொல்லணும். நான் சொல்றேன்.” சிரித்தார். “அந்த வந்தியா போந்தியாவையும் எடு. ஹலோன்னு போடு. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

பெமிலா மாற்றினாள். அண்ணனை அடக்கம் பண்ணியபோது வராத அழுகை அப்போதும் வரவில்லை.

சோதித்தாள். மணி மூன்று பத்து.

வந்தியா?

புரோகிராமைத் திறந்து பார்த்தாள். ஹலோ என்றுதான் இருந்தது. மறுபடி ஓட்டினாள்.

வந்தியா?

எமுலேட்டரையே அழித்தாள். அப்போதும் ஓடியது. அதில் அதிசயமில்லை. ஒருமுறை திறந்த எமுலேட்டரைக் கெர்னல் கையில் பிடித்து வைத்திருக்கும். அழித்தாலும் விடாது. மெஷினை அணைத்தால்தான் விடும்.

அணைத்தாள். போட்டாள்.

இனி ஓடக் கூடாது. நடிக்க ஆள் இல்லை.

ஓட்டினாள்.

மழைச் சத்தம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது...

வந்தியா, பெமி?

ஆபீஸில் அவள் பெமிலா. பெமி என்று கூப்பிட்டவன் ஒருவன்தான்.

வயரைப் பிடுங்கினாள்.

ஆறு மணிக்கு மேனேஜர் தன் பெயரோடு கெர்னல் கோடைத் தானே அனுப்பினார்.

மறு வாரம் சந்தேகம் கேட்டு மெயில் வந்தது. மேனேஜர் கெர்னல் கோடில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத மனிதர். பெமிலாவைக் கூப்பிடவில்லை. பதிலை அவரே எழுதினார். எல்லாம் சரியாக இருந்தது.

மேனேஜர் கேபினுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக்...

பேனா மூடி.

கண்ணாடிக் கதவு திறந்தது.

“பெமி, வந்தியா? அம்மைக்குப் பிரஷர் மருந்து குடுத்தியாட்டி?”

சென்னைத் தமிழ் இல்லை.

“குடுத்தேன்ணே.”

அவளை அறியாமல்தான் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஒரு மாதம் கழித்து மேனேஜரின் மனைவி சென்னையிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தார்.

“அங்க பெமின்னு யாரும்மா? நீயா? லீவுல வந்திருந்தார்ல, தூங்கினா தினமும் பெமின்னு கூப்பிடறார், அப்புறம் யார்கிட்டயோ கெஞ்சறார். ‘மழையா கிடக்கு சார்... ஞாயித்துக்கிழமையாக்கும் சார்... சரி, இப்பமே வாறேன் சார்’ங்கறார். நம்ம பேச்சே இல்லம்மா அது. அப்புறம் ஒரு அலறல். இவருக்கு மேல யாரும்மா அந்த சார்?”

பெமிலா போனை வைத்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவர் பேனா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

இன்றுவரை அவள் சொல்லவில்லை.

சொன்னால் நின்றுவிடும்.