ஒருவர் உண்ண ஒருவர் பார்க்க

காட்டில் உண்ணத்தக்க செடிகளைப் பற்றி நான் எழுதிய கையேடுகளின் முதல் பக்கத்தில் ஒரு விதி உண்டு: புதிய கீரையை ஒரே வீட்டில் ஒரே நாளில் இருவர் உண்ணக் கூடாது. ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் டாக்டரிடம் ஓட வேண்டுமல்லவா? சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே எழுதியவன் நான். விதியில் ஓட்டை வைக்கத் தெரியாது.

ஐம்பதுகளில் கொடைக்கானலில் குடியிருந்தோம். மனைவி பழனிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிராமமான பள்ளங்கியின் மலைச்சரிவில் நான் பறித்து வரும் கீரையை வேகவைத்து, எனக்குப் பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாள் நான் உயிரோடு ஆபீசுக்குக் கிளம்பிய பிறகு, மிச்சத்தைச் சூடாக்கித் தனியே உண்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டு வைத்தாள்.

"ஏங்க, இன்னைக்காவது சேந்து சாப்பிடுவோமே."

"அப்புறம் டாக்டரை யாரு கூப்பிடுறது?"

"அவரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருங்க. மூணு பேருக்கும் சோலி வெரசா முடிஞ்சிரும்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். எழுதிக்கொண்டிருக்கும் முதல் புத்தகம் அச்சேறட்டும், பிறகு சேர்ந்து உண்ணலாம் என்றேன். அவள் வழக்கம்போல் எதிரே உட்கார்ந்தாள்.

புத்தகம் வருவதற்குள் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இரண்டு தட்டு வைத்த அன்றைய கீரை இளசானது, நல்ல கீரை. அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். மறுநாள் அதை உண்டவளிடம் ருசி எப்படி இருந்ததென்று நான் கேட்கவே இல்லை.