மாந்தோப்பு விமானமும் மொபெட் மெக்கானிக்கும்

இன்ஜின் ரிப்பேர் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: வண்டி நடுவழியில் நின்றுபோனால், ஓட்டியவர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்று நம்மைத் திட்டுவார், அவ்வளவுதான். எண்பத்தாறு வாக்கில் தொடங்கி இரண்டு வருஷம் எனக்கு அந்த நிம்மதி இல்லாமல் போயிற்று. தர்மபுரியில் மொபெட்டும் மருந்தடிக்கிற மெஷினும் பிரித்து மாட்டிக்கொண்டிருந்த நான், நல்லம்பள்ளிப் பக்கம் ஒருவர் வாங்கிய குட்டி விமானத்துக்கு மெக்கானிக் ஆனேன். கையில் கிரீஸோடு பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரலாம். உங்களுக்கு வராது.

முதல் நாள்

விமானத்தின் சொந்தக்காரர் தர்மலிங்கம். பெரிய மாந்தோப்புக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெங்களூரில் ஒரு கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்டு, அங்கேயே பழைய மைக்ரோலைட் ஒன்றை வாங்கி, பிரித்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி இறக்கை, இறக்கையைத் தாங்கும் கம்பி வடங்கள், மூன்று சக்கரம், இரண்டு சீட்டு, பின்னால் காற்றாடி. இன்ஜின் மட்டும் எனக்குத் தெரிந்த ஜாதி. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற டூ ஸ்ட்ரோக். அதைப் பார்த்ததும் பழைய வாடிக்கையாளரைப் பார்த்த மாதிரி இருந்தது.

தோப்பை ஒட்டிய தரிசை மட்டம் செய்து ஓடுதளம் ஆக்கியிருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, ஒவ்வொரு நட்டையும் திருகி முடித்தேன். "ரெடிங்கண்ணா, ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனேன். அவர் பக்கத்து சீட்டைத் தட்டிக்காட்டிச் சொன்னார்:

"ரிப்பேர் பண்ணுனவரு மொதல்ல கூட ஏறணுங்க பாய், அப்பத்தான் எல்லா நட்டும் டைட்டா இருக்கும்."

ஓடுதளத்தில் ராகி

சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு மட்டமான, சுத்தமான இடம் வேறு கிடையாது. அதனால் அறுவடை ஆனதும் ஓடுதளத்தில் ராகிக் கதிர் காயத் தொடங்கியது. பரப்பியவர் கெம்பம்மா. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், தோப்புக்கு அடுத்த புன்செய்க் காடு அவர்களுடையது. ஒருநாள் தர்மலிங்கம் அண்ணன் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்த அம்மாள் கூடையோடு வந்து கொட்ட ஆரம்பித்துவிட்டார். நான் கைகளை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அண்ணன் மேலேயே இன்னும் இரண்டு சுற்று சுற்ற, நான் கீழே விளக்குமாற்றால் ராகியைத் தள்ளி வழி செய்தேன்.

விமானம் இறங்கி நின்றதும், உயிர் தப்பிய கோபத்தில் அந்த அம்மாளைப் பார்த்து நான் கத்திவிட்டேன். நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி வார்த்தைகள் வந்தன. கூட்டமும் கூடிவிட்டது. அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்ததும், அவர்களுக்குக் கிடைத்த மொத்த ராகியே அந்தத் தரையில் கிடந்ததுதான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கெம்பம்மா பதிலுக்குக் கத்தவில்லை. மண்ணோடு கலந்துபோன கதிரைக் கையால் அள்ளி ஊதிக்கொண்டே சொன்னார்:

"இது ஒரு நா பறக்கலைன்னா யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க சாமி."

வெள்ளிக்கிழமை அவசரம்

பெட்ரோலை மெல்லிய பதனிட்ட தோலில் வடிகட்டித்தான் ஊற்றவேண்டும் என்பது பெங்களூர்க்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். பெட்ரோல் இறங்கிவிடும், தண்ணீர் இருந்தால் தோலின் மேலேயே நிற்கும். கேனில் எப்படியோ கொஞ்சம் தண்ணீர் சேர்ந்துவிடும். ஒரு கேன் வடிகட்ட அரைமணி நேரம் ஆகும். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒருநாள்தானே என்று புனலை வைத்து நேராகவே ஊற்றிவிட்டுப் பள்ளிவாசலுக்கு சைக்கிளை மிதித்தேன்.

தொழுதுவிட்டு வெளியே வந்தபோது ஆள் காத்திருந்தது. அண்ணன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இருமிக்கொண்டே நின்றுவிட்டதாம். மனிதர் பதறாமல், உயரம் இருக்கும்போதே இடம் பார்த்து, முனியப்பன் என்பவருடைய காய்ந்த கடலைக்காட்டில் இறக்கிவிட்டார். முன்சக்கரம் மட்டும் வளைந்திருந்தது. நான் போனபோது வரப்பில் உட்கார்ந்திருந்தார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். தப்பு என்னுடையது என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். அவர் என் தோளில் கைபோட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கிண்ணத்தை முனியப்பனும் எட்டிப் பார்த்தார்:

"எங்க கெணத்துலதான் தண்ணி இல்லீங்க, உங்க பெட்ரோல்லயாச்சும் இருக்குதே."

வத்தல்மலைக்காரர்

இதைச் சொல்ல இப்போதும் எனக்குத் தயக்கம்தான். ஒருநாள் காலை, ஓடுதளத்துக்கு ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். பெயர் சென்றாயன், வத்தல்மலையில் ஒரு சிற்றூர். மனைவிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி, குழந்தை குறுக்கே நிற்கிறது என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாளாம். அந்த மலைக்கு அப்போது ரோடு கிடையாது. டோலி கட்டித்தான் இறக்கவேண்டும். எங்கள் விமானம் மலையோரமாகத் திரும்புவதை அவர் பலநாள் பார்த்திருக்கிறார். அதை நம்பி ஒற்றையடிப் பாதையில் இறங்கி, கேட்டுக் கேட்டு வந்துசேர்ந்திருக்கிறார்.

தர்மலிங்கம் அண்ணன் உடனே சட்டையை மாற்றப் போனார். நான்தான் தடுத்தேன். மேலே இறங்கச் சமதளம் கிடையாது, சரிவில் காற்று கீழே பிடித்து அமுக்கும், வலியில் இருக்கிற அம்மாளை அந்தச் சீட்டில் கட்டவும் முடியாது. மூன்றும் உண்மை. அண்ணனும் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பிறகு நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி அந்த மனிதருக்கு விளக்கினோம். இறக்கையைக் காட்டினோம், எடையைச் சொன்னோம், காற்றைப் பற்றிச் சொன்னோம். அரைமணி நேரம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வந்தபடியே நடந்து திரும்பிப் போனார்.

அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான், மாமரத்தடியில் அண்ணனுடைய ஜீப் நிற்பது என் கண்ணில் பட்டது. அடித்துப் பிடித்து அடிவாரத்துக்கு ஓட்டினோம். அதற்குள் அவர் மேலே ஏறியிருந்தார். டோலி இறங்கும்வரை அங்கேயே காத்திருந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மாள் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று அங்கிருந்த நர்ஸ் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பத்துநாள் கழித்து சென்றாயன் ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு நன்றி சொல்ல வந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்:

"ஜீப்பு இருக்குதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாங்க, நான் ஏரோப்ளேன்தான் வேணும்னு வரலீங்களே."

ஒரு பிரி

இறக்கையைத் தாங்கும் வடங்கள் பல மெல்லிய எஃகுப் பிரிகளை முறுக்கிச் செய்தவை. தினமும் காலையில் ஒரு துணியால் அவற்றைப் பிடித்து நீள உருவுவேன். பிரி ஏதாவது அறுந்திருந்தால் துணி மாட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடப்பக்க அடிவடத்தில் துணி மாட்டியது. ஒரு பிரி அறுந்து மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. புது வடம் பெங்களூரிலிருந்துதான் வரவேண்டும். ஒரு வாரம் ஆகும்.

அன்று பார்த்து அண்ணனின் மைத்துனர் குடும்பம் சேலத்திலிருந்து வந்திருந்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தார்கள். அண்ணனைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஒரு பிரி தானே பாய்? மீதியெல்லாம் இருக்குதில்ல?"

"புதுசு மாத்திட்டுப் பறந்தா நல்லதுங்கண்ணா."

"மாத்திக்கலாம். இன்னிக்கு ஒரே ஒரு சுத்து. யாரையும் கூட ஏத்தல, போதுமா?"

போதாது என்று எனக்குத் தெரியும். பிளக்கைக் கழற்றும் ஸ்பானர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. இரண்டு திருகு திருகியிருந்தால் அன்றைக்கு அது கிளம்பியிருக்காது. நாற்காலிகளில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் எப்படி என்று நினைத்தேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துவிட்டவனும் நான்தான்.

கிளம்பி, இரண்டு தென்னை உயரம் போய், தோப்பின் கோடியில் திரும்பினார். பட்டென்று ஒரு சத்தம். இடப்பக்க இறக்கை மடங்கி மேலே நிமிர்ந்தது. அவரைக்காட்டில் விழுந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது நினைவு இருந்தது, கால் இல்லாத மாதிரி இருக்கிறது என்றார். தொடை எலும்பும் முதுகும் முறிந்திருந்தன. ஐந்து மாதம் படுக்கை. அப்புறம் கைத்தடி. தோப்புக்குள் நடப்பதற்கே யாராவது துணை வேண்டும். விமானம் பழைய இரும்புக்குப் போனது.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ப் பார்த்தது எட்டாம் நாள். அதுவரை தைரியம் வரவில்லை. அவர் மனைவி ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாரே தவிர முகம் பார்க்கவில்லை. "அன்னிக்கே சொன்னேங்களேண்ணா" என்று அழுதுவிட்டேன். ஆறுதலுக்குச் சொன்னதா, தப்பிக்கச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி, மெல்ல, மரியாதை குறையாமல் சொன்னார்:

"மாத்துனா நல்லதுன்னு சொன்னீங்க பாய், ஏறாதீங்கன்னு சொல்லலீங்களே."

இப்போதெல்லாம் பிரேக் தேய்ந்த வண்டி எது கடைக்கு வந்தாலும் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று சண்டை பிடிப்பதால் எனக்கு ஊரில் முரட்டு பாய் என்று பெயர். இந்தக் கெட்ட பெயர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே வந்து தொலைத்திருக்கலாம்.