சித்தியின் மூச்சும் மாமாவின் சரித்திரமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் சரித்திரம் எனக்கு இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று பள்ளிக்கூடத்தில் படித்தது. மற்றொன்று, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை என் மாமா சொன்னது. இரண்டாவதில் முக்கால்வாசி பொய். எதற்காகச் சொன்ன பொய் என்று எனக்குத் தெரியும் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கீரனூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், ஊர் சுற்றிக் காட்டப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் என் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுப் போனதை எங்கள் தெருவே பார்த்திருந்தது. சித்திக்குப் பிறந்ததிலிருந்து இளைப்பு. அது எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விட்டது. அதனால் இந்த முறை வீட்டில் வேண்டாம், ஊர் பார்க்கிற சாக்கில் பெண்ணையும் பார்த்துக்கொள்ளட்டும், அமையாவிட்டாலும் நாலு பேருக்குத் தெரியாது என்று மாமா ஏற்பாடு செய்தார். வாடகை வேன் ஓட்டும் மாமாதான் வழிகாட்டி. தாடிக்கொம்பு கோயில், அகரம் வழியாக ஒரு சுற்று, பிரியாணி, வழியனுப்பு. திட்டம் அவ்வளவுதான்.

முந்தின நாள் அடுப்படியில் சித்தி, "சொல்லிட்டே வரச் சொல்லலாமேக்கா" என்றாள்.

"முதல்ல கழுத்துல தாலி ஏறட்டும். பெறகு மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா. சொன்னதோடு நிற்காமல் சித்தியின் கைப்பையைத் துழாவி, அதிலிருந்த நீல இன்ஹேலரை எடுத்து என் பள்ளிக்கூடப் பையில், பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில் வைத்தாள். கைப்பையில் இருந்தால் மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் பட்டுவிடுமாம். "சித்தி கண்ணைக் காட்டுனா, பாத்ரூம் போறாப்புல தனியாக் கூட்டிட்டுப் போயிக் குடு. அவங்க முன்னாடி மட்டும் எடுத்தே, தோலை உரிச்சுருவேன்."

அவ்வளவு பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னிடம் தந்ததில்லை. மறுநாள் முழுக்கப் பையைத் தோளிலிருந்து கழற்றாமல், சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாடிக்கொம்பில் மாமா சிற்பத் தூண்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மாப்பிள்ளை தூணைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி தூணைப் பார்த்தார். அவருடைய அம்மாவுக்குச் சித்தியைப் பிடித்துவிட்டது. கோயில் வாசலில் மூன்று முழம் மல்லிகை வாங்கித் தன் கையாலேயே அவள் தலையில் வைத்துவிட்டார். மல்லிகை வாசம் சித்திக்கு ஆகவே ஆகாது. அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள், நான் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அகரம் பக்கம் வண்டியை நிறுத்தி மாமா வெங்காயக் காட்டையும் தென்னந்தோப்பையும் தூரத்துச் சிறுமலையையும் காட்டியபோது, சித்தி இரண்டு தும்மல் போட்டதோடு சரி. பிரியாணிக் கடையில் உட்கார்ந்ததும், தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அங்கேதான் மாப்பிள்ளையின் அம்மா, "பஸ்ஸுல போறப்ப அண்ணாந்து பார்த்ததோட சரிங்க. கோட்டை மேல ஒருக்கா ஏறிப் பார்த்துட்டுப் போயிரலாமுங்க" என்றார். மாமாவின் கையிலிருந்த எலும்பு இலையில் விழுந்தது. மறுக்க அவருக்கு வாயில்லை. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டி வந்தவரே அவர்தானே.

அடிவாரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, முழங்கால் வலி என்று மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். "வெயிலு இன்னும் எறங்குல. நீயும் வேணா இங்கயே இருந்துக்க அம்மிணி" என்றார் சித்தியிடம். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமா, நீ இரு" என்றாள்.

"இல்லைங்க, நான் ஏறுறேன்" என்றாள் சித்தி.

பாறையில் வெட்டிய படிகள் சூடு தணியாமல் கிடந்தன. மாமா இருபது படிக்கு ஒருமுறை நின்றார். "இந்த இடத்துலதான் ராணி செத்த நேரம் நின்னு ஊரைப் பார்ப்பாங்களாம்." கொஞ்சம் மேலே போய், "இங்கதான் குதிரைக்குத் தண்ணி காட்டுனது." அந்த ராணியும் குதிரையும் சித்தி மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டுமே என்று அந்தந்தப் படியில் பிறந்தவர்கள். நாங்கள் எல்லோரும் நின்று கேட்டோம். சித்தி மட்டும் நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள்.

"பொண்ணு நல்ல சுறுசுறுப்புங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நான் ஓடிப்போய்ச் சித்தியை எட்டிப் பிடித்தேன். கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுவது தெரிந்தது. "மெதுவாப் போ சித்தி" என்று கிசுகிசுத்தேன். அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.

உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போன்ற அந்தச் சத்தம், அத்தனை காற்றிலும் எல்லோருக்கும் கேட்டது. உதடு வெளிறிவிட்டது. கொடைக்கானல் மலை எந்தப் பக்கம் என்று மாமா உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். சித்தி என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "வா சித்தி, அந்தப் பக்கம் போவோம்" என்று இழுத்தேன். பழைய கிடங்குச் சுவருக்குப் பின்னால் பத்தடி போனால் யாருக்கும் தெரியாது.

அவள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், உள்ளங்கையை நீட்டினாள். அவர்களுக்குப் பின்னால் நின்ற அம்மா, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சித்தி செத்துப்போய்விடுவாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பையைத் திறந்தேன். பிஸ்கட் பாக்கெட் பாறையில் சறுக்கிக்கொண்டு போனது.

இரண்டு முறை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "ரொம்ப நாளா இருக்குதுங்களா?"

"பொறந்ததுலருந்து இருக்குங்க. மருந்து கையில இருந்தா ஒண்ணும் பண்ணாது."

மாப்பிள்ளையின் அம்மா சித்தியை விட்டுவிட்டு எங்கள் அம்மாவைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பூவை நான் வச்சுருக்க மாட்டேனுங்களே" என்றார். இறங்கும்போது மாமா ஒரு ராஜாவைப் பற்றியும் பேசவில்லை.

ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனார்கள். போன் வரவில்லை. அவர்கள் ஊரிலிருந்து வந்த கார் தெரு திரும்பியதுமே அம்மா என் கன்னத்தில் அறைந்து, "எல்லாம் உன்னாலதாண்டி" என்றாள். சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பட்டத்தை நான் ரொம்ப நாள் சுமந்தேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று அடுத்த வரனிடம் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அப்படியும் வந்தவர்தான் இன்று என் சித்தப்பா. அந்த அறைக்கான நியாயம் மட்டும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று வீடு திரும்பும்போது வேனில் அம்மா முன்னால் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்சீட்டில் சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிடக் கைக்குட்டையைத் தேடிக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே, புத்தம் புதிதாக இன்னொரு நீல இன்ஹேலர் இருந்தது.

"சித்தி, ஒங்கிட்டயே ஒண்ணு இருக்கே" என்றேன்.

அவள் முன்சீட்டைப் பார்த்துவிட்டு ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். "அட, ஆமா பாரேன்" என்றாள்.

கையிலேயே வைத்துக்கொண்டு மறந்துபோயிருக்கிறாளே, பாவம் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.