சூடு காட்டாத எண்ணெய்

தங்கம் டீச்சர் இறந்த செய்தியை ஜீப் ஓட்டும் முருகன்தான் போனில் சொன்னான். எங்களிடம் படித்தவன். "நம்ம தங்கம் டீச்சர் போயிட்டாங்க டீச்சர். தலைக்கு எண்ணெய் வைக்க பொம்பளையாளுகளச் சீக்கிரம் வரச் சொன்னாக" என்றான்.

போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள மலையில், எஸ்டேட் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். ஒரு மழைக்காலத்தில் பேன் தொல்லை மிகுந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்பிள்ளைகளின் முடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்றார் தலைமையாசிரியர். தங்கம் டீச்சர் எழுந்தார். "பேனுக்கு லயமும் தெரியாது, பங்களாவும் தெரியாது சார். வெட்டுறதா இருந்தா உங்க மகள்ட்டருந்து ஆரம்பிப்போம். நேத்து அவளுக்கு ஈர் எடுத்தது நான்தான்." உத்தரவு அத்தோடு நின்றது.

அதன்பின் வெள்ளிக்கிழமை மதியங்களில் பேன்சீப்போடு வராந்தாவில் உட்காருவார். அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் மெழுகாக உறைந்துவிடும். அதனால் காலையிலேயே புட்டியை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார். மதியத்துக்குள் உடம்புச் சூட்டில் இளகிவிடும். சிக்கு விழுந்த முடியை மேலிருந்து இழுக்க விடமாட்டார். வேர்ப்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறுவார். கணக்கு வராத பிள்ளைக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார். தெரிந்த கூட்டலில் தொடங்கித் தெரியாத வகுத்தலுக்குப் போவார். ஈரத்தலையை முடிந்துகொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரை வழியில் நிறுத்தி, "அவுத்து ஆத்திட்டுப் போளா, முடி அழுகிரும்" என்பார்.

இதையெல்லாம் இரங்கல் கூட்டத்தில் எங்களோடு வேலை பார்த்த நீங்களே சொல்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அவர் மகன் வீட்டில் படுத்திருந்தார். அப்போதும் இடுப்பைத் தொடும் முடி. ஞாயிறுதோறும் போய் வாரிவிடுவேன். குழறும் வாயால் ஒன்றே ஒன்று கேட்டார்: "முடிய மட்டும் வெட்ட விட்டுராதீக டீச்சர்." மருமகளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

இந்த மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டது. வழி திறந்து நான் போனபோது முடியைக் கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். தங்கம் டீச்சர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "சிக்கெடுக்க யாருக்கு டீச்சர் நேரம் இருக்கு? வளந்துரும்ல" என்றாள் மருமகள். நுனியிலிருந்து தொடங்கினால் அரை மணி நேர வேலை. அதன்பின் தங்கம் டீச்சர் என்னிடம் பேசவில்லை. கோபமா, வெட்கமா என்று இனி யாரிடமும் கேட்க முடியாது.

சாவன்று உறவுக்காரப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இருந்த காலத்தில் அந்தத் தலையைத் தொடாதவர்கள், எண்ணெயும் சீயக்காயும் வைக்க ஒருவரை ஒருவர் முந்தினார்கள். கிண்ணத்தில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மருமகள் அதை விரலால் வழித்தெடுத்தாள். கொஞ்சம் சூடு காட்டிவிட்டு வைக்கச் சொன்னேன்.

"இனிமே அவுகளுக்குச் சுடவா போகுது, குளிரவா போகுது?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

நான் ஸ்வெட்டருக்குள் கொண்டுபோயிருந்த புட்டியை எடுத்து, இளகிய எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, மிச்சமிருந்த அந்த முடியில் மெதுவாகத் தேய்த்தேன். அதற்குள் அடுத்தவள் நகரச் சொன்னாள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை தானாகப் புட்டியை ஸ்வெட்டர் பைக்குள் போடுகிறது. மதியத்துக்குள் எண்ணெய் இளகிவிடுகிறது. சாயங்காலம் எடுத்து மேசைமேல் வைக்கிறேன். மறுபடியும் உறைந்துவிடுகிறது.