பந்தல்குடி கிட்டங்கியில் பருத்தி மிதிப்பது யார்?

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்று ஊராரைக் கேலி செய்து திரிந்தவன்தான் நானும். ஆனால் 1988 சித்திரையில், பட்டப்பகலில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் பருத்தி வியாபாரம். சரக்கு அடுக்கும் கிட்டங்கி மட்டும் பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம். அப்பாவும் அவருடைய அண்ணன் பால்ச்சாமியும் சேர்ந்து தொடங்கிய தொழில். பெரியப்பா முகம் எனக்கு ஞாபகமில்லை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே தூத்துக்குடியில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனவர், திரும்பவே இல்லையாம். இதுதான் எங்கள் வீட்டுக் கதை.

சொந்தக்காரர்கள் இதை ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். ஒருவர் சண்டை என்பார். இன்னொருவர் அங்கே வேறு குடும்பம் என்பார். அப்பா மட்டும் மாற்றவே மாட்டார். “பொதி மிதிச்சாக, கை கழுவினாக, லாரி ஏறினாக, தோணி ஏறினாக.” எப்போது கேட்டாலும் இதே வார்த்தை, இதே வரிசை. நடந்ததைச் சொல்கிறவன் ஒரு தரமாவது முன்பின் மாற்றிச் சொல்வான். மனப்பாடம் செய்தவன்தான் மாற்ற மாட்டான். எனக்கு அங்கேதான் உறுத்தியது.

அந்த வருஷம் பெரியப்பா மகள் கஸ்தூரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவர் போகும்போது பெரியம்மா வயிற்றில் இருந்தவள். பெரியம்மா பெத்தம்மாள் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார். அத்தனை வருஷமும் நெற்றியில் குங்குமம் வைத்துக் காத்திருந்தார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் சாடையாகக் கேட்டுவிட்டார்கள். கட்டினவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவள் மணவறையில் எப்படி நிற்பாள்? பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ விசாரிச்சுச் சொல்லு, ராசகுரு. பொய் சொல்லிறாத. மக கல்யாணத்துல நான் பொட்டோட நிக்கலாமா, கூடாதா?”

அவர் அழவில்லை. 

கிட்டங்கியில் தொடங்கினேன். அப்பாவின் கதை அங்கேதானே ஆரம்பிக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. தினமும் காலை பதினொரு மணிக்கு அப்பா ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கிட்டங்கியைப் பூட்டுவார். அருப்புக்கோட்டை வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, மூன்று மணிக்குத்தான் போய்த் திறப்பார். உச்சி நேரத்தில் உள்ளே ஒரு ஈ காக்கை இருக்கக்கூடாது. ஏன் என்றால், வெயில் என்பார். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் எதற்குப் பயம்? மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மணி பன்னிரண்டு. தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. பழைய சாமான் கிடந்த மூலையைக் குடைந்தேன். பெரியப்பாவின் பெட்டி, துணி, ஏதாவது சிக்காதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நடுவே மரச்சட்டத்தில் ஆள் உயரச் சாக்கு ஒன்று தொங்கியது. அதில் பருத்தியைக் கொட்டி, ஒருவர் உள்ளே இறங்கி மிதித்து மிதித்து அமுக்குவார். அப்படித்தான் பொதி கட்டுவோம். அன்றைய பொதி பாதியில் நின்றிருந்தது.

அப்போதுதான் கேட்டது.

தொம்...

ஏதோ விழுந்தது என்று நினைத்தேன்.

தொம்... தொம்...

கயிறு முனகியது. சாக்கு ஆடியது. எவனோ பருத்தி திருட வந்து உள்ளே ஒளிந்திருக்கிறான் என்றே நினைத்தேன். பயம் இல்லை. கோபம்தான்.

“ஏலே, யாருலே உள்ள?”

சத்தம் நின்றது. மணி பன்னிரண்டு இருபது.

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

ஆள் இல்லை.

வெள்ளைப் பருத்தியில் இரண்டு பாதக்குழிகள். ஆழமாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது குழி... இன்னும் கீழே இறங்கியது. அப்புறம் வலது.

தொம்... தொம்...

மிதிப்பவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கீழே...

சாக்கின் பக்கவாட்டில் ஏதோ புடைத்தது. உள்ளேயிருந்து.

ஒரு கை.

ஐந்து விரலும் விரிந்து சாக்கைத் தள்ளியது.

மிதி வேகமானது.

விரல்கள் மடங்கின.

பிறகு என் முகத்துக்கு நேரே, வெறும் காற்றில், ஒரு செருமல்...

அந்தச் செருமலை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன்.

அது அப்பாவுடையது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. எதிரே பஞ்சர் கடையில் போய் விழுந்தேன். கடைக்காரர் உக்கிரபாண்டி அந்தக் காலத்தில் எங்கள் லாரியை ஓட்டியவர். தண்ணீர் கொடுத்தார். அன்றைக்குப் பெரியப்பாவை லாரியில் ஏற்றினீர்களா என்று கேட்டேன். 

“பொதிதான் ஏத்துனேன், தம்பி. அதுல ஒண்ணை மில்லுல எடுக்கல. கனம் கூட இருக்கு, நாத்தம் வருதுன்னு திருப்பிட்டாக. கொண்டாந்து இறக்குனேன். உங்கப்பா பிரிச்சுக்கூடப் பாக்கல. சீமெண்ணெய ஊத்திக் கொளுத்திட்டாக.”

எங்கள் வீட்டில் ஒரு பிடி பஞ்சு சிந்தினாலும் பொறுக்கி எடுப்போம். பிரிக்காமல் ஒரு பொதியை எந்தப் பருத்தி வியாபாரி கொளுத்துவான்? அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி நின்று பெரியம்மா அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்கள் இரண்டும் அசைந்தன.

இடது... வலது... இடது...

“தெனம் மத்தியானம் இப்படித்தான்யா. உங்க பெரியப்பா போன நாள்லருந்து. சீக்காக்கும்னு விட்டுட்டோம்.” பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்குத்தான் நடுவுல நின்னுச்சு. பன்னெண்டு இருவது இருக்கும். கண்ணைத் தெறக்காமயே, ‘ராசகுரு, வெளிய போயிரு’ன்னாக. அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு... நீ எங்கய்யா போயிருந்த?”

கிட்டங்கிக்கு என்றேன். பெரியம்மா என் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். அப்பாவின் கால்களைப் பார்த்தார். முந்தானையால் நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தார்.

கஸ்தூரி கல்யாணத்தில் பெரியம்மா பொட்டில்லாமல் பந்தலின் கடைசியில் நின்றார். ஏன் என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை.